மீட்கப்பட்ட நாயும் பூனையும் வீட்டுக்கு வந்த பின்: அறிகுறி வாரியாகச் சிக்கல் தீர்க்கும் வழிமுறை

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ மீட்கப்பட்ட நாயை அல்லது பூனையை அண்மையில் வீட்டில் சேர்த்துக்கொண்டவர்கள், அதன் நடத்தையில் ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை இந்த வழிமுறை சொல்கிறது. உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்குரிய பகுதிக்கு நேரே சென்றுவிடலாம். ஆனால் எந்தப் பகுதிக்குச் சென்றாலும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேட்க வேண்டும். உடலில் நோயோ வலியோ இருக்கிறதா? இல்லையென்றால், விலங்கு எதற்கேனும் அஞ்சுகிறதா? அதுவும் இல்லையென்றால், நாம் எதிர்பார்ப்பதை அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லையா? பெரும்பாலோர் மூன்றாவது கேள்வியில் தொடங்கி, அதட்டியும் பழக்கியும் பல வாரங்களை இழந்த பிறகே முதல் கேள்விக்குத் திரும்புகிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது, அல்லது விலங்குக்கு நம்மீதே அச்சம் வந்துவிடுகிறது.

மீட்பாளர்களிடையே 3-3-3 என்றொரு கணக்கு வழக்கில் உள்ளது: முதல் 3 நாட்கள் திகைப்பு, 3 வாரங்களில் வீட்டின் நடைமுறை பிடிபடுதல், 3 மாதங்களில் ஊன்றிக்கொள்ளுதல். இது வெறும் தோராயம்தான். ஆயினும் நான்காம் நாளே ‘இது நமக்குச் சரிப்படாது’ என்று முடிவெடுக்கும் அவசரத்தைத் தடுக்க அது போதும்.

எதையும் முயன்று பார்க்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டியவை

ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்தியும் சிறுநீர் வராமலோ சொட்டுச் சொட்டாகவோ வந்தால், சிறுநீர்க்குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடிய நிலை அது. மலச்சிக்கல் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குமாகத் துவண்டால், நாய்க்குட்டியில் பார்வோ நோயையும் பூனைக்குட்டியில் பேன்லுகோபீனியா நோயையும் முதலில் ஐயுற வேண்டும். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுத்தோ நீலம் பாரித்தோ இருப்பது, வலிப்பு வருவது, பெரிய நாய் வயிறு உப்பி வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் தவிப்பது ஆகியவையும் இந்த வகையைச் சேர்ந்தவையே. நாய்க்கும் பூனைக்கும் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு என்பதால், கை வைத்துப் பார்த்து ‘சுடுகிறது’ என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிடக் கூடாது. பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதுமானது. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்களுக்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கடும் நஞ்சு. லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கலாம். இவற்றில் ஏதேனும் உள்ளே போயிருந்தால் அறிகுறி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். மருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

சாப்பிட மறுக்கிறது

நாய்க்கும் பூனைக்கும் இங்கே கணக்கு வேறு. தண்ணீர் குடித்துக்கொண்டு, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும் வளர்ந்த நாய், புதிய இடத்தில் ஓரிரு நாட்கள் உணவைத் தொடாமல் இருப்பது பெரிய ஆபத்தன்று. பூனை முழுதாக 24 மணி நேரம் ஒன்றும் உண்ணவில்லையென்றால் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். பட்டினியின்போது பூனையின் உடற்கொழுப்பு கல்லீரலில் சென்று குவிந்து, அதைச் செயலிழக்கச் செய்யக்கூடும். பருத்த பூனைகளில் இந்த ஆபத்து கூடுதல். சின்னஞ்சிறு குட்டிகளில் சில மணி நேரப் பட்டினியே இரத்தச் சர்க்கரையைத் தாழ்த்திவிடும்.

நோயில்லை என்று உறுதியானபின் உணவு வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஒளிந்திருக்கும் விலங்கு, ஆள் நடமாட்டமுள்ள அறையைக் கடந்து வந்து உண்ணாது. கிண்ணத்தை அதன் மறைவிடத்தின் அருகே வைத்துவிட்டு அகன்றுவிட வேண்டும். சளி பிடித்த பூனைக்கு மணம் தெரியாது; மணம் தெரியாத உணவைப் பூனை உணவாகவே கருதுவதில்லை. ஈர உணவை வெதுவெதுப்பாக்கிக் கொடுப்பது எளிய வழி. பழைய இடத்தில் என்ன உண்டது என்று கேட்டு அதையே முதலில் கொடுத்து, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு புதிய உணவுக்கு மெல்ல மாற்றினால் வயிறும் கெடாது.

எலும்பும் தோலுமாக மீட்கப்பட்ட விலங்கின் நிலை இதற்கு நேர்மாறானது. பரிவு மிகுந்து முதல் நாளே வயிறு புடைக்க ஊட்டுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெருந்தீங்கு. நெடும்பட்டினிக்குப் பின் திடீரென உணவு சேரும்போது, இரத்தத்திலுள்ள பாஸ்பரசும் பொட்டாசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு, இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்து, இதயமே தடுமாறலாம். மருத்துவர் சொல்லும் அளவைப் பல சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுத்து, பல நாட்களில் படிப்படியாக முழு அளவுக்கு உயர்த்த வேண்டும்.

ஒளிந்துகொண்டு வெளியே வருவதில்லை

பூனை கட்டிலுக்கடியில் கிடப்பது முதல் வாரத்தில் இயல்பு. இரவில் உணவு குறைகிறதா, லிட்டர் பெட்டியில், அதாவது பூனை மலசலம் கழிக்க வைக்கும் பெட்டியில், மணல் கலைந்திருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். இரண்டுக்கும் விடை ‘ஆம்’ என்றால் அவசரப்பட ஒன்றுமில்லை. முழு வீட்டையும் திறந்துவிடாமல் ஒரு சிறிய அறையில் தொடங்குவது நல்லது. பக்கவாட்டில் துளையிட்ட அட்டைப்பெட்டி ஒன்றும், ஏறி அமர உயரமான இடம் ஒன்றும் அந்த அறையில் இருக்கட்டும். மறைவிடத்திலிருந்து கையைவிட்டு இழுத்தெடுத்தால், இனி எந்த மறைவிடமும் பாதுகாப்பில்லை என்ற பாடத்தையே அது கற்கும். அறையில் தரையில் அமர்ந்து, நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் படித்துக்கொண்டிருங்கள். பூனை பார்க்கும்போது கண்களை மெல்ல மூடித் திறங்கள். இவ்வாறு செய்யும் மனிதரைப் பூனைகள் எளிதில் அணுகுகின்றன என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

எவ்வளவு தூரம் இது மாறும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது குட்டிப் பருவம். பூனைக்குட்டி ஏறத்தாழ 2 முதல் 7 வார வயதுக்குள்ளும், நாய்க்குட்டி 3 முதல் 14 வார வயதுக்குள்ளும் எதையெல்லாம் அச்சமின்றிச் சந்திக்கிறதோ அதையே உலகின் இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அந்த வயதில் மனிதக் கையே படாமல் வளர்ந்த பூனை, வளர்ந்தபின் மடியில் வந்து அமரும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. அத்தகைய பூனைக்குக் கருத்தடை அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, அது வாழ்ந்த இடத்திலேயே விட்டு உணவளிப்பது பல நேரங்களில் நான்கு சுவர்களுக்குள் அடைப்பதைவிட அன்பான செயல் என்பது என் கருத்து.

நாய் உறைந்து நின்றால், வாலைக் கால்களுக்கிடையே செருகிக்கொண்டு வாசலைத் தாண்ட மறுத்தால், வாரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டடி தூரமே அன்றைய நடை என்றால் அதுவே போதும். அஞ்சும் நாயை ஆறுதலாகத் தடவினால் அச்சம் வளரும் என்பது வெறும் நம்பிக்கை. அச்சம் ஓர் உணர்ச்சி, பரிசு பெறுவதற்காக நாய் செய்யும் செயலன்று. அது அருகே வந்தால் தாராளமாக ஆறுதல் அளியுங்கள். ஊன்றிப் பழகிய விலங்கு சில மாதங்கள் கழித்துத் திடீரென ஒளியத் தொடங்கினால் மட்டும் மீண்டும் முதல் கேள்விக்குச் செல்லுங்கள். அது பெரும்பாலும் வலி.

பூனை லிட்டர் பெட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கிறது

பூனைகள் காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடுவதும் இதுவே. முதலில் இரண்டு செயல்களை வேறுபடுத்த வேண்டும். குந்தி அமர்ந்து தரையிலோ மெத்தையிலோ குட்டைபோல் தேங்கும்படி கழிப்பது ஒன்று. நின்றபடி வால் நுனி நடுங்க, சுவர் போன்ற செங்குத்தான பரப்பில் பீச்சுவது மற்றொன்று. பின்னது எல்லைக் குறி. கருத்தடை செய்யாத ஆண் பூனையாயின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பெரும்பாலும் நின்றுவிடும். அறுவைக்குப் பின்னும் தொடர்ந்தால், சன்னலுக்கு வெளியே வந்து அமரும் அயல் பூனை ஏதேனும் உண்டா என்று பாருங்கள். சன்னலின் கீழ்ப்பாதியை மறைப்பதே சில வீடுகளில் போதுமான மருந்தாகிவிடுகிறது.

குந்திக் கழிப்பதாயின் சிறுநீர்ப் பரிசோதனையே முதற்படி. கிருமித் தொற்று இல்லாமலேயே மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி அடைந்து இரத்தம் வருவது பூனைகளில் மிகப் பொதுவானது. வீடு மாறிய பூனைக்கு அது வருவதில் வியப்பில்லை. பெட்டியில் அமரும்போதெல்லாம் வலித்தால், வலிக்குக் காரணம் பெட்டிதான் என்று பூனை முடிவு செய்துகொள்கிறது; நோய் குணமான பிறகும் அது பெட்டியைத் தவிர்ப்பதன் காரணம் இதுவே. வயதான பூனையாயின் சிறுநீரக நோய், சர்க்கரை நோய், மூட்டு வலி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கு ஒரு பக்கம் தாழ்வாக வெட்டிய பெட்டியே பாதித் தீர்வு.

உடல் சரியென்றால் பெட்டியைப் பூனையின் கண்ணால் பாருங்கள். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும். அவற்றை வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனைக்கு அது ஒரே பெட்டிதான். நீளம் பூனையின் உடல் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு, மணல் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழம், நாளுக்கு ஒரு முறையாவது அள்ளிச் சுத்தம் செய்தல் ஆகியவை அடிப்படை. மணமூட்டிய மணலும் மூடியிட்ட பெட்டியும் மனிதரின் வசதிக்காக உருவானவை. பல பூனைகள் இரண்டையும் வெறுக்கின்றன. துணி துவைக்கும் இயந்திரம் திடீரென உறுமும் இடமும், மற்றொரு பூனை வழிமறிக்கக்கூடிய முட்டுச்சந்து மூலையும் பெட்டிக்கு ஆகாதவை. வெளியில் வாழ்ந்த பூனைக்கு லிட்டர் மணல் என்பது புதிய பொருள் என்பதால், முதல் சில வாரங்கள் தோட்ட மண்ணைக் கலந்து வைத்து, மண்ணின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பது நன்கு பலனளிக்கும். எதை விரும்புகிறது என்று தெரியவில்லையென்றால் இருவேறு நிரப்பிகளுடன் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துப் பூனையையே தீர்ப்புச் சொல்லவிடலாம்.

கறைபட்ட இடத்தை நொதி கலந்த துப்புரவு நீர்மத்தால் ஊறவைத்துத் துடையுங்கள். அம்மோனியா உள்ள துப்புரவுப் பொருள் பூனைக்குச் சிறுநீர் மணமாகவே தெரியும். குளோரின் வெளுப்பானைச் சிறுநீர்மீது ஊற்றினால் நச்சு வாயு எழும்.

நாய் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது

வாழ்நாள் முழுவதும் வெளியில் இருந்த நாய்க்கு உங்கள் தரைவிரிப்பும் ஒரு நிலம்தான். விழித்தெழுந்தவுடன், உண்டபின், விளையாடியபின் வாரில் கட்டி ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, கழித்து முடித்த அடுத்த நொடியே அங்கேயே பரிசு கொடுங்கள். வீட்டுக்குள் திரும்பியபின் கொடுக்கும் பரிசு, வீட்டுக்குள் வந்ததற்கான பரிசாகிவிடும். குட்டிகளால் தம் வயது மாதங்களுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது என்பது நடைமுறைக் கணக்கு.

ஆளைக் கண்டவுடன் உடலைத் தாழ்த்தி ஒழுகவிடும் நாய்க்குப் பயிற்சிக் குறை ஏதுமில்லை. அது அச்சத்தின் பணிவு. குனிந்து கைநீட்டி வரவேற்பதை நிறுத்திப் பக்கவாட்டில் அமருங்கள். கருத்தடை செய்த பெண் நாய் உறக்கத்தில் ஒழுகவிட்டால் அது ஹார்மோன் குறைவால் சிறுநீர்த் தசை தளர்வதாக இருக்கலாம், மருந்து உண்டு. அதட்டுவதால் நாய் ‘செய்த தவறை உணர்ந்து’ தலைகுனிகிறது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தவறே செய்யாத நாய்களும் உரிமையாளர் கடிந்துகொண்டபோது அதே முகத்தைக் காட்டின.

தனியே விட்டால் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது

நீங்கள் இல்லாதபோது நடப்பதைக் காணொளியாகப் பதிவு செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். சலிப்படைந்த நாய் முதலில் உறங்கி, பிறகு எழுந்து, கையில் கிடைத்த செருப்பைக் கடித்து, மீண்டும் படுத்துக்கொள்ளும். அதற்கு வேண்டியவை நடையும் மெல்லும் பொருளும். பிரிவச்சம் கொண்ட நாய் நீங்கள் சென்ற சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் எச்சில் வடித்து, மூச்சிரைத்து, நீங்கள் வெளியேறிய கதவையே தாக்கும். பிடித்த உணவையும் தொடாது. இந்த நாயைக் கூண்டில் அடைப்பது பல்லும் நகமும் உடைவதில் முடியலாம். அது பற்றுக்கொண்டிருப்பது மனிதரிடம் என்பதால், துணைக்கு இன்னொரு நாயைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் உதவாது.

தீர்வு எளியது, ஆனால் சலிப்பூட்டுவது. நாய் கலங்காத நேர அளவைக் கண்டுபிடித்து, அது பத்து நொடியாக இருந்தாலும், அதற்குள்ளாகவே திரும்பி வந்துவிட வேண்டும். பிறகு நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் மெல்ல நீட்ட வேண்டும். சாவியை எடுப்பதும் செருப்பு மாட்டுவதுமே அச்சத்தைத் தொடங்கிவைக்கும் என்பதால், வெளியே செல்லாமலே அவற்றை நாளுக்குப் பலமுறை செய்து பொருளற்றவையாக்குங்கள். இந்தப் பயிற்சிக் காலத்தில் அதன் தாங்கும் எல்லையைத் தாண்டித் தனியே விட்டால் பெற்ற முன்னேற்றம் கரைந்துவிடும். உறவினர், அண்டைவீட்டார், விலங்குக் காப்பாளர் என்று யாரையேனும் அமர்த்திக்கொள்வதே வழி. கடுமையான நிலையில் ஃப்ளூவோக்ஸடின், குளோமிப்ரமின் போன்றவற்றை மருத்துவர் பரிந்துரைக்கலாம். அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. பீதியில் இருக்கும் மூளைக்குக் கற்றல் ஏறாது, மருந்து அந்தப் பீதியைத் தணித்துக் கற்றலுக்கு இடம் தருகிறது.

உறுமுகிறது, கடிக்க வருகிறது

உறுமலைத் தண்டிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்கு அடி கிடைத்தால் நாய் எச்சரிக்கையை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். உறுமலுக்கு முன்னரே உதட்டை நக்குதல், தூக்கமின்றிக் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்த்தல், உடல் விறைத்தல் என்று பல குறிப்புகள் வந்திருக்கும். அவற்றைப் படித்துக்கொண்டால் உறுமல் வரையே போகாது. நாயை மல்லாத்தி அமுக்கி ‘தலைவன் யார்’ என்று காட்டும் முறை, சிறைப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுந்த கருத்திலிருந்து வந்தது. இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெற்றோரும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதிவிட்டார். ஆனாலும் அந்த முறையைச் சொல்லித் தருவோர் இன்னும் இருக்கிறார்கள்.

உணவுக் கிண்ணத்தைக் காக்கும் நாயிடம், அது உண்ணும்போது கையை விட்டுப் பழக்குவது நேர்மாறான பலனையே தரும். பசியை அறிந்த விலங்கு அது. சற்றுத் தொலைவில் கடந்து செல்லும்போது கிண்ணத்தில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றை எறிந்துவிட்டு நில்லாமல் போய்விடுங்கள். மனிதர் நெருங்கினால் உணவு கூடும் என்பது விளங்கியபின் காக்க வேண்டிய தேவை குறையும். வாயில் கவ்வியிருப்பதைப் பிடுங்காமல் மாற்றுப் பொருள் கொடுத்து வாங்குங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் உணவு வேளையில் கதவு மூடியிருக்க வேண்டும். இதில் பயிற்சியை நம்பியிருக்கக் கூடாது. அமைதியான விலங்கு திடீரெனக் கடிக்க முனைந்தால் பல், காது, இடுப்பு மூட்டு ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

கடி பட்டுவிட்டால், காயம் சிறிதாயினும் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரேபிஸ் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறத்தாழ இயலாது. உரிய நேரத்தில் போடும் தடுப்பூசி அதைத் தடுத்துவிடும். கடித்த நாயையோ பூனையையோ 10 நாட்கள் கண்காணிப்பது வழக்கம். ஆனால் அந்தக் கண்காணிப்பைக் காரணம் காட்டித் தடுப்பூசியை நீங்களாகவே தள்ளிப்போடாதீர்கள். பூனைக் கடி வெளியில் ஊசித்துளையாகத் தெரிந்தாலும் ஆழத்தில் கிருமிகளை விட்டுச் செல்லும். கை வீங்கத் தொடங்கினால் தாமதிக்கக் கூடாது.

பழைய பூனையும் புதிய பூனையும் சண்டையிடுகின்றன

முதல் நாளே முகத்துக்கு முகம் காட்டியதன் விளைவு இது. மீண்டும் பிரித்துவிடுங்கள். புதிய பூனைக்கு எப்படியும் இரண்டு வாரத் தனிமை தேவை. ஈறு நோய், சளி, குடற்புழு, பூனை லுகேமியா, பூனை எய்ட்ஸ் ஆகியவற்றுக்கான சோதனைகளை அந்த இடைவெளியில் முடிக்கலாம். விரிப்புகளை மாற்றிப் போட்டு மணத்தைப் பழக்குங்கள்; மூடிய கதவின் இருபுறமும் உணவு வையுங்கள்; பிறகு வலைக்கதவின் வழியே பார்க்கவிடுங்கள். இரண்டும் அமைதியாக உண்டால் மட்டுமே அடுத்த படி. நாயையும் பூனையையும் அறிமுகப்படுத்தும்போது குரைக்கும் நாயைவிட, ஓசையின்றி விறைத்து உற்றுப் பார்க்கும் நாயே கவலைக்குரியது. வேட்டை அப்படித்தான் தொடங்கும்.

சொறிகிறது, முடி கொட்டுகிறது

காது விளிம்பிலும் முழங்கையிலும் தாங்க முடியாத அரிப்பென்றால் சிற்றுண்ணியால் வரும் சார்கோப்டிக் சொறி. மனிதருக்கும் தற்காலிகமாக அரிப்பைத் தரும். இளம் நாயின் கண்ணைச் சுற்றி அரிப்பின்றி முடி உதிர்ந்தால் டெமோடெக்ஸ் என்ற வேறொரு சிற்றுண்ணியாக இருக்கலாம், அது பரவாது. பூனைக்குட்டியின் வட்டத் திட்டில் முடி முறிந்திருந்தால் படர்தாமரை என்று ஐயுற்றுக் குழந்தைகளை விலக்கிவையுங்கள். சீப்பில் வரும் கரும்பொடியை ஈரத்தாளில் வைத்துச் செந்நிறம் பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு. முட்டையும் புழுவும் வீட்டுத் தரையில் இருப்பதால் விலங்குக்கு மட்டும் மருந்திட்டால் போதாது. மண்ணெண்ணெயும் எரிந்த எஞ்சின் எண்ணெயும் மருந்தல்ல, நக்கினால் நஞ்சு.

தப்பி ஓடிவிட்டது

வருமுன் காப்பதே இங்கு எளிது. அஞ்சும் நாய் பின்னோக்கி இழுத்துக் கழுத்துப்பட்டையை உருவிக்கொள்ளும் என்பதால், முதல் மாதங்களில் மார்புப் பட்டை, கழுத்துப்பட்டை இரண்டிலும் வாரைக் கட்டுங்கள். மைக்ரோசிப் பொருத்தினால் மட்டும் போதாது. அதன் 15 இலக்க எண்ணோடு உங்கள் தற்போதைய தொலைபேசி எண் பதிவாகியிருக்க வேண்டும்.

ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். பீதியடைந்த நாய் உரிமையாளரையும் அடையாளம் காணாமல் ஓடும். பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்து உணவைச் சிதறவிடுவதே அதை நிறுத்தும். தப்பிய இடத்தில் உணவையும் துவைக்காத உங்கள் துணியையும் வையுங்கள். பூனை பெரும்பாலும் வெகுதூரம் போவதில்லை. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மீண்ட பூனைகளில் 75 சதவீதம் தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்ளேயே கிடைத்தன. அழைத்தாலும் குரல் கொடுக்காமல் அடங்கிக் கிடக்கும் என்பதால், நள்ளிரவில் கைவிளக்குடன் வாகனங்களின் அடியிலும் புதர்களிலும் கண்ணொளியைத் தேடுங்கள். அண்டைவீட்டாரின் கிடங்குகளைத் திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். கையில் சிக்காவிட்டால் மீட்பு அமைப்புகளிடம் பொறிக்கூண்டு இரவல் கிடைக்கும். திரும்பிவந்த பூனையின்மீது அயல் மணம் ஏறியிருப்பதால், வீட்டிலுள்ள மற்றப் பூனை அதை அந்நியனாகக் கருதிச் சீறக்கூடும்; ஓரிரு நாட்கள் இரண்டையும் தனித்தனி அறைகளில் வைத்துவிட்டு, கதவின் இருபுறமும் உணவு வைப்பதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.